சாலையில் இட்ட கோடு எத்தனை நாள் நிற்கும்?



தோட்டப் பள்ளிகளில் விளையாட்டுப் போட்டி நடக்கும்போது திடலில் ஓடுபாதைக் கோடு போடுவதை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். முதல்நாள் மாலை சுண்ணாம்புத் தூளை ஒரு தகரத்தில் கொட்டி, கயிறு பிடித்து, வளைவு பார்த்து, ஆசிரியரும் பெரிய மாணவர்களும் சேர்ந்து கோடு போடுவோம். இரவில் ஒரு மழை பெய்தால் போதும். காலையில் திடல் பச்சையாகவே இருக்கும். கோடு இருந்த இடமே தெரியாது. மறுபடியும் கயிறு, மறுபடியும் சுண்ணாம்பு.

சிங்கப்பூருக்குப் போய் வந்த மாணவன் ஒருவன் ஒருநாள் வகுப்பில் நம்மைக் கேட்டான்: "சார், சிராங்கூன் ரோட்டில் எவ்வளவு பெரிய பஸ் எல்லாம் கோட்டின்மேல் ஏறிப் போகுது. மழையும் பெய்யுது. அங்கே மட்டும் கோடு எப்படி அழியாமல் இருக்குது?" நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கோடும் அழிகிறது. மெதுவாக அழிகிறது, அழிய அழியப் புதுப்பிக்கிறார்கள் என்பதே விடை. அந்த விடையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். இதில் நமக்கும் ஒரு சொந்தக் கவலை உண்டு. அதைப் பின்னால் சொல்வோம்.

சிங்கப்பூரில் நம்மவர் கூடும் இடம் தேக்கா. தீபாவளிக்குத் துணி எடுக்கவும், பொங்கலுக்குப் பானை வாங்கவும் ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து அங்கே போகாத குடும்பம் குறைவு. அந்த வட்டாரத்துக்கு முற்காலத் தமிழர் வைத்த பெயர் சுண்ணாம்புக் கம்பம். சுண்ணாம்புக் காளவாய்கள் அங்கே இருந்தமையால் வந்த பெயர். சிராங்கூன் சாலையில் உள்ள வீரமாகாளியம்மன் கோயிலையும் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே பழையவர்கள் சொல்வார்கள். மழைக்கு நிற்காத சுண்ணாம்பின் பெயரைத் தாங்கிய அதே தெருவில்தான், மழைக்கு நிற்கும் வெள்ளைக் கோட்டை இன்று நாம் பார்க்கிறோம்.

சாலையின் நடுவே கோடு போடும் வழக்கம் மிகப் பழையது அன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் ஹைன்ஸ் என்னும் சாலை அதிகாரி 1911-ஆம் ஆண்டில் நடுக்கோடு போடச் செய்தார். பால் வண்டி ஒன்று ஒழுகிக்கொண்டே போனதையும், அது சாலையில் வெள்ளையாக ஒரு தடம் விட்டுச் சென்றதையும் கண்டுதான் அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது என்று ஒரு கதை சொல்வார்கள். பின்னர் இங்கிலாந்தில் 1951-இல் வரிக்குதிரைக் கடப்பு சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மலாயாவும் சிங்கப்பூரும் இடப்பக்கம் ஓட்டும் வழக்கத்தையும், சாலைக் குறிகளையும் அங்கிருந்தே பெற்றன.

முதற்காலக் கோடுகள் சாதாரண வர்ணப்பூச்சு. அதில் ஒரு வகைக்கும் நமக்கும் நெருங்கிய உறவு உண்டு. ரப்பரைக் குளோரின் வாயுவோடு சேர்த்துப் பக்குவப்படுத்தினால் ஒருவகை வெள்ளைத் தூள் கிடைக்கும். அதைக் கரைப்பானில் கரைத்து வர்ணம் செய்தால் தண்ணீரைத் தாங்கும், விரைவில் காயும். குளோரின் ஏற்றிய ரப்பர் வர்ணம் என்று இதற்குப் பெயர். பல நாடுகளில் நெடுங்காலம் சாலைக்கோடு போட இதுவே பயன்பட்டது. விடியற்காலையில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நம் அம்மாக்களும் அப்பாக்களும் வெட்டிய பால்மரத்துப் பாலின் சாதிதான் அந்த வர்ணத்தின் அடிப்படைச் சரக்கு.

ஆனால் வர்ணம் எதுவாயினும் அதன் குறை ஒன்றே. பூசும்போது அதன் கனம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு; காய்ந்தபின் அதிலும் பாதி. ஒரு கடுதாசியைவிடச் சற்றுக் கனம், அவ்வளவுதான். பேருந்தும் லாரியும் ஓடும் சாலையில் அது சில மாதங்களிலேயே தேய்ந்துவிடும். வண்டி குறைந்த சாலையாயிருந்தால் ஓராண்டு நிற்கலாம்.

ஆகையால் நகரச் சாலைகளில் இப்போது பெரும்பாலும் போடுவது வேறு சரக்கு. தெர்மோபிளாஸ்டிக் என்பார்கள். சூட்டில் இளகும், ஆறினால் இறுகும் பொருள் என்று பொருள் கொள்ளலாம். இதன் சேர்மானத்தைக் கேட்டால் நமக்குப் பழகிய பொருள்கள்தான். ஒட்டுவதற்குப் பிசின், அது பைன் மரத்துப் பிசினைப் பக்குவப்படுத்தியதாகவோ, பெட்ரோலியத்திலிருந்து எடுத்ததாகவோ இருக்கும். உடம்புக்குச் சுண்ணாம்புக்கல் தூளும் நல்ல மணலும். வெண்மைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. இரவில் ஒளிர்வதற்குக் கண்ணாடி மணிகள். ஆகச் சுண்ணாம்பு இங்கேயும் இருக்கிறது. தனியாக நிற்க முடியாததைப் பிசின் பிடித்து நிறுத்துகிறது.

அந்த டைட்டானியம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? இல்மனைட் என்னும் கறுப்பு மணலிலிருந்து. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அந்த மணலை அள்ளிப் பிரித்தெடுக்கும் ஆலை உண்டு. இலங்கையில் திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரை அதற்குப் பேர்போனது. மலேசியாவில் ஈய லம்பங்களில் ஈயத்தை எடுத்தபின் மிஞ்சும் கரிய மணலிலும் இல்மனைட் உண்டு. கறுப்பு மணலிலிருந்து உலகத்திலேயே மிக வெண்மையான பொடிகளுள் ஒன்று கிடைப்பது ஒரு விந்தைதான்.

இந்தச் சேர்மானத்தை ஒரு கொப்பரையில் போட்டு ஏறத்தாழ 180 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இதன் நுட்பத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சூடு குறைந்தால் சரக்கு சாலையில் ஒட்டாது. மேலாகப் படிந்து பின்னர் தகடு தகடாகப் பெயரும். சூடு மிகுந்தாலோ, நெடுநேரம் கொதித்தாலோ பிசின் கருகும். வெள்ளைக்கோடு மஞ்சள் பாய்ந்து நொறுங்கும். கிளறிக்கொண்டும் இருக்க வேண்டும். இல்லையேல் மணல் அடியில் தங்கிவிடும்.

நீளக் கோடுகளை இயந்திர வண்டி போடும். அம்புக்குறி, எழுத்து, நிறுத்தக்கோடு, கடப்புப் பட்டை ஆகியவற்றை ஆள்தான் போட வேண்டும். அடியில் ஒரு பிளவு உள்ள பெட்டியில் கொதிக்கும் சரக்கை ஊற்றிச் சாலையின்மேல் இழுத்துச் செல்வார்கள். பிளவின் உயரம் எவ்வளவோ அவ்வளவு கனத்துக்குக் கோடு படியும். ஒன்றரை மில்லிமீட்டர் முதல் மூன்று மில்லிமீட்டர் வரை இருக்கும். ஒரு நாணயத்தின் கனம், அல்லது இரண்டு நாணயத்தின் கனம். வர்ணத்தோடு ஒப்பிட்டால் பத்து மடங்கு. நீண்டநாள் நிற்பதன் முதல் இரகசியம் இந்தக் கனம். இரண்டாவது இரகசியம், சூடான சரக்கு தார்ச்சாலையின் மேற்பரப்பையும் சற்று இளக்கி அதனுடன் கலந்துவிடுவது. சிமெண்டுச் சாலையில் இந்த உறவு ஏற்படாது. அங்கே முதலில் ஓர் ஒட்டுப்பூச்சைப் பூசிக்கொள்ள வேண்டும்.

கோடு இளகியிருக்கும்போதே அதன்மேல் கண்ணாடி மணிகளைத் தூவுவார்கள். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரை தூவுவது வழக்கம். சரக்கினுள்ளேயும் மணிகள் கலந்திருக்கும். மேலே தூவியவை தேய்ந்து உதிர்ந்தபின், கோடு தேயத் தேய உள்ளே இருப்பவை ஒவ்வொன்றாக வெளியே தலைகாட்டும். இட்லிமாவுப் பதம்போல இதற்கும் நேரம் முக்கியம். முந்தித் தூவினால் மணி முழுவதும் மூழ்கிவிடும். பிந்தினால் மேலே தொற்றிக்கொண்டு நின்று, முதல் சக்கரத்திலேயே உதிர்ந்துவிடும். பாதிக்குச் சற்று மேலாக உள்ளே புதைந்து, மீதி வெளியே நிற்பதே நல்ல பதம்.

இந்தக் கண்ணாடி மணி என்ன செய்கிறது? இரவில் லயத்துக்குப் பின்னால் டார்ச் விளக்கை அடித்தால் பூனையின் கண் பளிச்சென்று மின்னுமே, அதே வேலைதான். வண்டியின் விளக்கொளி மணிக்குள் நுழையும்போது வளைகிறது. மணியின் பின்புறத்தில் ஒரு புள்ளியாகக் குவிகிறது. அங்கே வெள்ளைச் சரக்கில் பட்டுத் தெறித்து, வந்த வழியே திரும்புகிறது. வண்டியோட்டியின் கண் விளக்குக்கு அருகில் இருப்பதால், திரும்பிய ஒளி அவர் கண்ணுக்கே போய்ச் சேர்கிறது. சாலை ஓரமாக நிற்பவருக்கு அந்தக் கோடு அப்படி ஒளிராது. மணி இல்லாத வெறும் வெள்ளைக்கோட்டில் ஒளி நாலா பக்கமும் சிதறிவிடும்.

இவ்வளவு செய்தும் கோடு தேய்கிறது. அதைத் தேய்ப்பது எது? நம் ரப்பர்தான்! பேருந்து, லாரி முதலிய கனரக வண்டிகளின் சக்கரங்களில் இயற்கை ரப்பர் மிகுதியாகச் சேர்கிறது. வெறும் ரப்பர் உருண்டு போவதால் பெரிய கேடில்லை. ஆனால் சாலையில் மணலும் தூசியும் கிடக்கின்றன. சக்கரம் அவற்றைக் கோட்டின்மேல் வைத்து அழுத்தித் திருகும்போது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல் ஆகிறது.

சிராங்கூன் சாலையில் நடந்து போகும்போது சற்றுத் தலைகுனிந்து பாருங்கள். தேக்காச் சந்தையை ஒட்டிய பகுதியில் அது ஒருவழிச் சாலையாக ஓடுகிறது. தடங்களைப் பிரிக்கும் விட்டுவிட்டுப் போட்ட கோடுகள் ஓரளவு வெண்மையாகவே இருக்கும். ஏனெனில் சக்கரங்கள் அவற்றுக்கு இடையே ஓடுகின்றன. தடம் மாறும் வண்டிதான் அவற்றை மிதிக்கிறது. விளக்குச் சந்தியில் உள்ள நிறுத்தக்கோட்டைப் பாருங்கள். ஒவ்வொரு வண்டியும் அதன்மேல் ஏறுகிறது; பிரேக் போடுகிறது; கிளம்பும்போது உந்துகிறது. அங்கே தேய்மானம் மிகுதி. கிளைத் தெருக்களுக்குத் திரும்பும் முனைகளில் சக்கரம் உருள்வதோடு வளைந்து உரசவும் செய்வதால், அங்கேயும் கோடு மங்கிவிடும். கடப்புப் பட்டைகளில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். எல்லாப் பட்டைகளும் ஒன்றுபோல் அழிவதில்லை. சக்கரம் போகும் வரிசையில் உள்ள பட்டைகள் முதலில் மங்கும். இடையில் உள்ளவை புதியனபோல் இருக்கும். இதை அறிந்து சில நாடுகளில் சக்கரம் பட்டைகளின் இடைவெளியில் போகும்படி அளந்து போடுகிறார்கள்.

சக்கரத்துக்கு அடுத்தபடி வெயிலும் மழையும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆண்டில் பாதி நாளளவு ஏதோ ஒரு மழை உண்டு. நண்பகல் வெயிலில் தார்ச்சாலை 50, 60 பாகை வரை சூடேறுவதும் சாதாரணம். அந்தச் சூட்டில் கோடு உருகிவிடாது. ஆனால் சற்றே இளகி, சக்கரத்துக் கரியையும் தார்ப்பசையையும் வாங்கிக்கொண்டு அழுக்கேறும். வெயிலின் புறஊதாக் கதிர் பிசினை அரிக்கும். மேற்பரப்பு மாவு பூத்ததுபோலாகும். உச்சிவெயிலில் சுட்ட சாலை, நாலு மணிக்குப் பெய்யும் மழையில் சடாரென்று குளிர்கிறது. விரிவதும் சுருங்குவதுமாக இருந்தால் கோட்டில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். வெடிப்பினுள் நீர் இறங்கி ஒட்டை நெகிழ்த்தும்.

கோட்டின் ஆயுளைக் குறைப்பது இன்னொன்றும் உண்டு. கோடு நன்றாக இருக்கும், சாலையைத்தான் தோண்டிவிடுவார்கள். தண்ணீர்க் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, சாக்கடை என்று ஏதேனும் ஒன்றுக்காகத் தோண்டி, தார் போட்டு மூடுவார்கள். அந்த இடத்தில் கோடு அறுந்துபோகும். மறுபடியும் கோடு போடும் வரையில் அந்தச் சாலை, பல் விழுந்த வாய்போல் இருக்கும். சாலையே வெடித்துப் பெயர்ந்தால் எத்தனை நல்ல கோடும் அதோடு போகவேண்டியதுதான். பட்டை கெட்ட மரத்தில் எவ்வளவு நன்றாக வெட்டுப் போட்டு என்ன பயன்?

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், தெர்மோபிளாஸ்டிக் கோடு வண்டி நெருக்கத்தைப் பொறுத்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுவரை பயன்படும் எனலாம். நெருக்கமான சந்தியில் அதற்கும் குறைவு.

சிங்கப்பூரில் இந்தப் பொறுப்பு 1995-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிலப் போக்குவரத்து ஆணையத்தைச் சேர்ந்தது. அதற்கு முன்னர் பொதுப்பணித் துறை பார்த்துவந்தது. தடந்தடமாக அளந்தால் அந்தச் சிறு தீவில் ஏறத்தாழ 9,500 கிலோமீட்டர் சாலைத்தடம் உண்டு. அத்தனைக்கும் கோடு வேண்டும். கோட்டின் வகைகளும் காலத்துக்குக் காலம் கூடிக்கொண்டே வந்துள்ளன. 1974-இல் பேருந்துத் தடம் வந்தபோது அதற்கு மஞ்சள் கோடு வந்தது. நாள்முழுதும் பேருந்துக்கே உரிய தடம் 2005-இல் வந்தபோது மஞ்சளோடு சிவப்புக் கோடும் சேர்ந்தது. 2008-இல் நிறுத்தத்திலிருந்து வெளியேறும் பேருந்துக்குப் பிற வண்டிகள் வழிவிட வேண்டும் என்ற விதி வந்தபோது, நிறுத்தத்தின் முன்னே சாலையில் கட்டமும் முக்கோணங்களும் தோன்றின.

தேக்காவுக்கு வண்டியில் போகும் நம்மவர் பலர் ஓரத்து மஞ்சள் கோட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஒற்றை மஞ்சள் கோடு என்றால் திங்கள் முதல் சனி வரை காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை வண்டியை அங்கே நிறுத்தி வைக்கக்கூடாது. இரட்டை மஞ்சள் கோடு என்றால் எந்நேரமும் கூடாது. இரட்டை மஞ்சள் கோடு பாம்புபோல் நெளிந்து போனால், ஆளை இறக்கிவிடக்கூட அங்கே நிறுத்தக்கூடாது. கோடு தேய்ந்திருந்தது, தெரியவில்லை என்று சொல்லிப் பார்ப்பவர்களும் உண்டு.

மஞ்சள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. முன்பெல்லாம் மஞ்சள் கோட்டுக்கு ஈயம் கலந்த குரோமேட் நிறமியைப் பயன்படுத்தினார்கள். நல்ல பளபளப்பு; வெயிலுக்கும் நிற்கும். ஆனால் ஈயம் உடலுக்குக் கேடு. குழந்தைகளுக்கு மிகவும் கேடு. ஆகவே பல நாடுகளில் ஈயமில்லாத நிறமிக்கு மாறிவிட்டார்கள். தேய்ந்த கோடு எங்கே போகிறது என்பதையும் அறிஞர்கள் இப்போது ஆராய்கிறார்கள். பொடிப்பொடியாகச் சாக்கடையில் இறங்கி ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. தேக்காவை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாயின் நீர், 2008-இல் திறக்கப்பட்ட மரீனா அணையின் நீர்த்தேக்கத்துக்குத்தான் போய்ச் சேருகிறது. அந்த நீரை நன்கு சுத்திகரித்துத்தான் குடிக்கத் தருகிறார்கள். எனினும் கோடு நீடித்து நிற்பது கண்ணுக்கு மட்டுமன்றித் தண்ணீருக்கும் நல்லது என்பது தெரிகிறது.

இனி, தொடக்கத்தில் சொன்ன கவலைக்கு வருவோம். நம் தோட்டப் பிள்ளைகள் இன்று பால்வெட்டுக்குப் போவதில்லை. செம்பனைக்கும் அதிகம் போவதில்லை. ஜொகூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். முன்பு பிரட்டுக்கு எழுப்பிவிட்ட அதே வேளையில் இப்போது அம்மாக்கள் பிள்ளைகளைச் சாலைக்கு அனுப்புகிறார்கள். நம்மிடம் படித்த ஒரு பையன் ஒரு மழைநாள் விடியலில் ஒரு சந்தியில் திரும்பும்போது சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். எண்ணெய் கொட்டியிருந்தது என்றே நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு ஒருநாள் அதே இடத்தைப் பகலில் பார்த்தானாம். எண்ணெய் ஏதும் இல்லை. அவன் பிரேக் போட்ட இடத்தில் இருந்தது ஒரு பெரிய வெள்ளை அம்புக்குறி.

தார்ச்சாலையின் மேற்பரப்பு சொரசொரப்பானது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே மழைநீர் இறங்கிவிடும். ரப்பர் கல்லைப் பற்றிக்கொள்ளும். கோடு அந்தப் பள்ளங்களை அடைத்துவிடுகிறது. அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் தங்குகிறது. நாலு சக்கர வண்டிக்கு ஒரு சக்கரம் நழுவினால் மற்ற மூன்றும் தாங்கும். இரண்டு சக்கர வண்டிக்கு அந்த வசதி இல்லை. அதிலும் வண்டி சாய்ந்திருக்கும்போது பிரேக் போட்டால் கேட்கவே வேண்டாம். இதைக் குறைக்கத்தான் கோட்டுச் சரக்கில் உடைத்த கடினக்கல் துணுக்குகளையும் சேர்க்கிறார்கள். சறுக்குமா என்று சோதிக்க ஓர் ஊசல் கருவி உண்டு. ஊசலின் நுனியில் ஒரு ரப்பர்த் துண்டு. நனைந்த கோட்டின்மேல் அது உரசிக்கொண்டு ஆடும். எவ்வளவு தடைபடுகிறதோ அவ்வளவு நல்லது. ஐரோப்பியத் தரமுறையில் 45 என்பது மிகக் கீழ்ப்படி. கோட்டின்மேல் கோடாக அடுக்கிப் போட்டுக்கொண்டே போனால் கனம் கூடி, வழவழப்பும் மேடும் கூடும். ஆகவே பழையதைச் சுரண்டிவிட்டுப் போடுவதுண்டு. சுரண்டிய வடுவும் மழையில் கோடுபோலவே மின்னி ஏமாற்றும் என்பது வேறு தொல்லை. ஈரச் சாலையில் கோட்டைக் கடக்கும்போது வண்டியை நிமிர்த்தி, பிரேக் தொடாமல் கடந்துவிட வேண்டும். நிறுத்த வேண்டுமானால் கோட்டுக்கு முன்னமே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மழையிரவில் இன்னோர் ஆபத்தும் உண்டு. கோடு கண்ணுக்கே தெரியாது. கண்ணாடி மணியின்மேல் நீர் ஏறி நின்றால், ஒளி அதனுள் முன்போல் வளைந்து குவிவதில்லை. மேலும் நீர்ப்பரப்பு கண்ணாடிபோலாகி விளக்கொளியை முன்பக்கமே தள்ளிவிடும். நல்ல கோடுதான், பழுதில்லை. ஆனால் வேண்டிய வேளையில் மறைந்துவிட்டது. இதற்காகப் பெரிய மணிகளைத் தூவுவதும், கோட்டை மேடும் பள்ளமுமாகப் போட்டு மேட்டுப்பகுதி நீருக்கு மேலே நிற்கும்படி செய்வதும் உண்டு.

இதே குறைக்கு 1934-இல் ஒரு மருந்து கண்டார் பெர்சி ஷா என்பவர். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஹாலிஃபாக்ஸ் ஊர்க்காரர். பூனைக்கண் என்று நாம் சொல்லும் சாலைப் பொத்தான் அவர் கண்டதுதான். இரும்புக் கூட்டினுள் ஒரு ரப்பர்க் கட்டை. ரப்பரில் பதித்த கண்ணாடிக் கண்கள். சக்கரம் ஏறினால் ரப்பர் அமுங்கும். கண்கள் உள்ளே போகும். போகும்போது ரப்பரின் விளிம்பே இமைபோல் அவற்றைத் துடைத்துவிடும். கூட்டில் தங்கிய மழைநீர் கழுவவும் உதவும். மலாயா ரப்பர் உலகெங்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. கோட்டைத் தேய்ப்பதும் ரப்பர், கோடு மறையும்போது கண்ணைத் துடைத்து வழிகாட்டுவதும் ரப்பர்!

கோடு எப்போது மாற்றத் தக்கதாகிறது என்று முடிவு செய்வது எப்படி? பகலில் வெள்ளையாகத் தெரிவது போதாது. ஒளி எவ்வளவு திரும்புகிறது என்பதை அளக்கும் கருவி உண்டு. வண்டியில் பொருத்தி ஓடிக்கொண்டே அளக்கும் வகையும் உண்டு. புதிய வெள்ளைக்கோடு அந்தக் கருவியில் பெரும்பாலும் 200-க்கு மேல் காட்டும். அமெரிக்கா போன்ற பெரிய நாட்டில்கூட, கோட்டின் ஒளி இவ்வளவுக்குக் கீழே இறங்கக்கூடாது என்ற விதி 2022-ஆம் ஆண்டில்தான் வந்தது. மணிக்கு 35 மைலும் அதற்கு மேலும் வேகமுள்ள சாலைகளில் 50 அலகு என்று வைத்தார்கள். வயதானவர்களுக்கு இதைவிட அதிகம் வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. அறுபது வயதுக் கண்ணுக்குள் செல்லும் ஒளி இருபது வயதுக் கண்ணுக்குள் செல்வதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பார்கள் கண் மருத்துவர்கள்.

வெள்ளைக் கோட்டுக்கு விதியில் எழுதாத ஒரு பயனும் உண்டு. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பால்குடமும் காவடியும் எடுத்துத் தேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு நடப்பார்கள். மூன்று நான்கு கிலோமீட்டர், வெறுங்காலோடு. வெயில் ஏறியபின் கறுப்புச் சாலை காலைப் பொசுக்கும். கறுப்பு வெயிலை விழுங்குகிறது. வெள்ளை அதைத் திருப்பி அனுப்புகிறது. இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்காத கிழவி ஒருத்தி, தலையில் பால்குடத்தோடு வெள்ளைக்கோட்டின்மேல் அடிமேல் அடிவைத்து நடந்துபோவதை நாமே கண்டிருக்கிறோம்.

கோடு போடும் வேலை நகரில் பெரும்பாலும் இரவில் நடக்கிறது. வண்டி குறைவு என்பது ஒரு காரணம். சாலை உலர்ந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். ஈரம் இருந்தால் 180 பாகைச் சரக்கு பட்டதும் அது ஆவியாகிக் கொப்புளம் கிளப்பும், ஒட்டும் கெட்டுவிடும். ஆகவே மழை வந்துவிட்டால் கொப்பரையை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். பின்னால் மின்னும் அம்புப் பலகையோடு ஒரு லாரி, சுற்றிலும் கூம்புகள். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இத்தகைய வேலைகளில் நிறைய இருக்கிறார்கள். முதலில் துடைப்பமும் காற்றுக்குழாயும் கொண்டு தூசியைப் போக்குவார்கள். பின்னர் கயிற்றில் சுண்ணாம்பு தடவி, இருபுறமும் இழுத்துப் பிடித்துச் சுண்டி, வழிகாட்டிக் கோடு போடுவார்கள். நம் திடலில் போடுவதுபோலவேதான். எழுத்துகளை மட்டும் பார்த்தால் கோணலாகத் தெரியும். உயரம் மிகுதி, அகலம் குறைவு. இருக்கையில் தாழ்ந்து உட்கார்ந்து தொலைவிலிருந்து வருபவரின் பார்வையில் சாலை சுருங்கித் தெரிவதால், நீட்டி எழுதினால்தான் அவருக்கு அது சரியான எழுத்தாகத் தோன்றும்.

பெட்டியை இழுப்பவர் குனிந்தபடியே பின்னோக்கி நடப்பார். பக்கத்தில் ஒருவர் கண்ணாடி மணியைத் தூவிக்கொண்டே வருவார். இழுத்து முடித்ததும் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார்கள். சில நிமிடங்களில் கோடு இறுகிவிடும்; காலணியால் தொட்டுப் பார்ப்பார்கள். ஒட்டவில்லை என்றால் கூம்புகளை லாரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த சந்திக்குப் போவார்கள். ஐந்தரை மணி அளவில் முதல் பேருந்து வந்து அந்தப் புதிய கோட்டின்மேல் நிற்கும்.